அணைந்து அணைந்து போன கிரில்: பனமலையில் ஒரு கேரவன் அடுப்பு ரிப்பேர்

இந்த வாரம் கோடு பத்திப் பேசப் போறதில்லை. அடுப்பு பத்தி. பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனப்ப ஒரு கேஸ் கிரில்லோட ஒன்றரை நாள் மல்லுக்கட்டினேன். அதைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன்.

நம்ம ஊர்ல கேரவன்னு சொன்னா எல்லாருக்கும் சினிமா ஷூட்டிங்தான் ஞாபகம் வரும். நடிகர்கள் உட்கார்ற ஏசி வண்டி. வெளிநாட்ல அந்த வார்த்தைக்கு அர்த்தம் வேற. காருக்குப் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போற குட்டி வீடு. உள்ளே கட்டில், சிங்க், அடுப்பு எல்லாம் இருக்கும். இங்கே இழுத்துட்டுப் போறது வழக்கம் இல்லை, வேனையே வீடாக்கிடறாங்க. கேரளா 2021-ல இதுக்குன்னு தனியா ஒரு சுற்றுலாக் கொள்கையே கொண்டு வந்தாங்க. அதைப் பார்த்துட்டுத்தான் எங்க பெரியப்பா பையனுக்கும் ஆசை வந்தது.

எங்க ஊர் பனமலை, விழுப்புரம் பக்கம். குன்று மேல தாளகிரீஸ்வரர் கோயில், ராஜசிம்ம பல்லவன் கட்டினது. காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலைக் கட்டின அதே ராஜா. உள்ளே குடை பிடிச்ச மாதிரி ஒரு பார்வதி ஓவியம் இருக்கு, அதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆளுங்க வருவாங்க. குன்றுக்குக் கீழே ஏரி. அந்த ஏரிக்கு இந்தக் கதையில வேலை இருக்கு, ஞாபகம் வச்சுக்கோங்க.

அண்ணன் ஒரு பழைய ஸ்கூல் வேனை வாங்கி, சீட்டை எல்லாம் கழட்டிட்டு, தானே பிளைவுட் அடிச்சு வீடாக்கினார். அடுப்பு மட்டும் சென்னையில ஒரு பழைய பொருள் கடையில வாங்கினது. ஓய்வு பெற்ற ஒரு சினிமா கேரவன்ல இருந்து கழட்டின வெளிநாட்டு அடுப்பு. மேல ரெண்டு பர்னர், அதுக்குக் கீழே ஒரு கிரில். கிரில்னா, நெருப்பு மேலே இருந்து கீழ்நோக்கி அடிக்கும். கம்பித் தட்டுல பிரட்டை வச்சு உள்ளே தள்ளினா மேல்பக்கம் முறுகலா வரும். பெரியம்மாவுக்கு அதுல அப்பளம் சுடறது ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

போன கோடையில ஒரு தடவை ஊட்டி போயிட்டு வந்தாங்க. அப்புறம் வண்டி ஏரிக்கரை ஓரமா புளிய மரத்தடியில நின்னது நின்னதுதான். பொங்கலுக்கு ஏற்காடு போகலாம்னு தூசு தட்டினப்ப, மேல் ரெண்டு பர்னரும் ஜம்முனு எரியுது. கிரில் மட்டும் மக்கர். குமிழை அமுக்கித் திருப்பி லைட்டர் காட்டினா பத்திக்கும். கையை எடுத்தா டப்னு அணைஞ்சிடும். அமுக்கிட்டே இருந்தா எரியும், விட்டா அணையும்.

சனிக்கிழமை சாயங்காலம் நான் போய் இறங்கறேன். திங்கட்கிழமை விடியற்காலை வண்டி கிளம்பணும். அண்ணன், அண்ணி, ரெண்டு பசங்க, பெரியம்மா. அண்ணன் விழுப்புரத்துல ஸ்டவ் ரிப்பேர் பண்ற ஒருத்தர்கிட்ட வீடியோ கால்ல காட்டிட்டிருந்தார். அவர் பார்த்ததும் சொல்லிட்டார்: "ஒண்ணும் இல்ல சார், பின்னாடி ஒரு செம்புக் கம்பி வருது பாருங்க, அது வெளிநாட்டு அடுப்புல வர்ற சேஃப்டி. அந்த வால்வுக்குள்ள இருக்கிற மேக்னட்டை எடுத்துட்டா டைரக்டா எரியும். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். "என்ன தம்பி, பண்ணிடலாமா? கிரில் ஓடினா ராத்திரி குளிருக்கும் ஆகும்ல, ஏற்காட்ல ஜன்னலைச் சாத்திட்டுக் கொஞ்ச நேரம் எரிய விட்டா கதகதன்னு இருக்கும்."

நான் உண்மையைச் சொல்லிடறேன். முதல்ல நானும் தலையாட்டினேன். மணி ஏழாச்சு, பசி வேற. டெஸ்ட் ஒண்ணு ஃபெயில் ஆகுது, அந்த டெஸ்ட்டை கமெண்ட் பண்ணிட்டா பில்ட் பச்சையாயிடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இதைப் பண்ணாத எஞ்சினியர் யாரு? நானும் ஒரு தடவை பண்ணி, அடுத்த நாள் காலையில வாங்கிக் கட்டிக்கிட்டேன். அது ஞாபகம் வந்ததாலதான் "ஒரு நிமிஷம் அண்ணா, அது ஏன் அணையுதுன்னு பார்த்துட்டு முடிவு பண்ணலாம்"னு சொன்னேன்.

அந்தச் செம்புக் கம்பி என்ன வேலை செய்யுதுன்னு முதல்ல சொல்லிடறேன். அதுக்குப் பேரு தெர்மோகப்பிள். ரெண்டு வெவ்வேறு உலோகத்தை ஒரு முனையில சேர்த்து அந்த முனையைச் சூடாக்கினா, சின்னதா ஒரு மின்னழுத்தம் வரும். 1821-ல சீபெக்குங்கிற ஜெர்மன்காரர் கவனிச்ச விஷயம். சின்னதுன்னா ரொம்பச் சின்னது. நல்ல நெருப்புல 20, 30 மில்லிவோல்ட் வரும். ரிமோட்டுக்குப் போடற பென்சில் பேட்டரி 1.5 வோல்ட், அதுல கிட்டத்தட்ட அறுபதுல ஒரு பங்கு.

கேஸ் வால்வுக்குள்ள ஒரு ஸ்பிரிங் எப்பவும் வழியை மூடவே பார்க்கும். நீங்க குமிழை அமுக்கறப்ப உங்க விரல்தான் அந்த ஸ்பிரிங்கைத் தள்ளித் திறக்குது. நெருப்பு பத்தி, தெர்மோகப்பிள் முனை சூடானதும், அந்தத் துளியூண்டு கரண்ட் ஒரு மின்காந்தத்துக்குப் போகும். அந்தக் காந்தத்துக்கு வால்வை இழுத்துத் திறக்கற பலம் கிடையாது. ஏற்கெனவே திறந்ததை அப்படியே பிடிச்சு வச்சுக்கற பலம் மட்டும்தான். அதனாலதான் பத்து இருபது செகண்ட் அமுக்கிப் பிடிக்கணும்னு சொல்றாங்க. காத்துல நெருப்பு அணைஞ்சா முனை ஆறும், கரண்ட் நிக்கும், காந்தம் விட்டுடும், ஸ்பிரிங் கேஸை மூடிடும். பேட்டரி, பிளக், சிப் எதுவும் இல்லை. எனக்கு இந்த டிசைன் மேல ஒரு மரியாதையே வந்துடுச்சு.

நம்ம வீட்டு அடுப்புல பெரும்பாலும் இது இருக்காது. பால் பொங்கி அடுப்பு அணைஞ்சா நாத்தம் வரும், யாராவது ஓடி வந்து மூடுவோம். சமையல் கட்டு பெரிசு, ஜன்னல் இருக்கு. வேன் அப்படி இல்லை. எல்பிஜி காத்தை விடக் கனம், ஒன்றரை மடங்குக்கும் மேல. கசிஞ்சா தரையில தண்ணி மாதிரி தேங்கும். காத்துல சுமார் 2 சதவீதம் கலந்தாலே ஒரு பொறி போதும். 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலையில மதுரை ஸ்டேஷன் பக்கம் நிறுத்தி வச்சிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில என்ன நடந்ததுன்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். லக்னோவிலிருந்து யாத்திரை வந்தவங்க, விதியை மீறிக் கொண்டு வந்த சிலிண்டர், டீ போடப் பத்த வச்சது. குறைஞ்சது ஒன்பது பேர் போயிட்டாங்க.

சரி, ரிப்பேருக்கு வர்றேன். ஞாயிற்றுக்கிழமை காலை. சிலிண்டர் மூடி, ரெகுலேட்டர் கழட்டி வெளியில வச்சுட்டு, ஜன்னல் கதவு எல்லாம் திறந்தாச்சு. அடுப்புல ஒட்டியிருந்த தகட்டைப் பார்த்தேன், 30 மில்லிபார்னு போட்டிருக்கு. நம்ம வீட்டு ரெகுலேட்டர் கொடுக்கறதும் கிட்டத்தட்ட அதேதான், சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம். அப்ப பிரஷர்ல பிரச்சினை இல்லை. ஆனா கடையில பெரிய அடுப்புக்கு மாட்டற ஹை பிரஷர் ரெகுலேட்டரை இந்த மாதிரி அடுப்புல மாட்டிடாதீங்க, அது வேற ஜாதி.

நான் எனக்கே ஒரு கோடு போட்டுக்கிட்டேன். கேஸ் ஓடற எந்த ஜாயின்ட்டையும் ஸ்பேனர் வச்சுத் திறக்க மாட்டேன். அதுக்கு அனுபவப்பட்ட ஆள் வேணும். நல்ல விஷயம் என்னன்னா, தெர்மோகப்பிள் கேஸ் லைன்ல இல்லை. அதோட நட்டு வால்வுக்குப் பின்னாடி வெளியிலதான் முறுக்கியிருக்கும், கழட்டினா கேஸ் வராது. கிரில் பர்னரும் அப்படித்தான், ரெண்டு ஸ்க்ரூவைக் கழட்டினா ஜெட் மேலே இருந்து நழுவி வந்துடும். ஜெட் வால்வோடயே நிக்கும்.

முதல் சந்தேகம் தெர்மோகப்பிள் செத்துப் போச்சுன்னு. கழட்டி எடுத்து, முனையில படிஞ்ச கரியை நைஸ் எமரி பேப்பரால துடைச்சு, வீட்டுக்குள்ள எடுத்துட்டுப் போய் பெரியம்மாவோட அடுப்பு நெருப்புல கொரடால பிடிச்சேன். மல்டிமீட்டரை டிசி 200 மில்லிவோல்ட்ல வச்சு ஒரு முள்ளை செம்பு உடம்புலயும் இன்னொண்ணை நுனியில இருக்கிற பொட்டுலயும் தொட்டா, அரை நிமிஷத்துல 24. பெரியம்மா சாம்பாரை இறக்கி வச்சுட்டு, "ஏண்டா, கரண்ட் எடுக்கறியா அடுப்புல இருந்து?"ன்னாங்க. ஆமாம் பெரியம்மா, நிஜமாவே அதைத்தான் பண்றேன்னேன்.

அப்ப கம்பி நல்லாத்தான் இருக்கு. ரெண்டாவது சந்தேகம் வால்வுல இருக்கிற காந்தம். பக்கத்து பர்னரோட தெர்மோகப்பிளும் அதே அளவு நட்டுதான். அதைக் கழட்டி கிரில் வால்வுல முறுக்கி, பக்கத்து பர்னரை அண்ணனை விட்டு அமுக்கிப் பிடிச்சு எரிய விட்டேன். இப்ப அந்த நெருப்போட கரண்ட் கிரில் காந்தத்துக்குப் போகுது. கிரில் குமிழை அமுக்கிப் பத்த வச்சுட்டுக் கையை எடுத்தேன். அணையல! அப்படின்னா காந்தமும் நல்லா இருக்கு.

ரெண்டும் நல்லாத்தான் இருக்கு, ஆனா சேர்ந்தா வேலை செய்யல. புரோகிராம் எழுதறவங்களுக்கு இந்த எரிச்சல் தெரியும். மிச்சம் ஒண்ணுதான், நெருப்பு. தெர்மோகப்பிளைத் திரும்ப அதோட இடத்துல வச்சு, நட்டை மட்டும் மாட்டாம, அண்ணன் குமிழை அமுக்கிப் பிடிக்க நான் மீட்டரைப் பார்த்தேன். ஒரு நிமிஷம் ஆச்சு. 5 தாண்டல.

அப்பதான் குனிஞ்சு அந்த நெருப்பை ஒழுங்கா பார்த்தேன். வெக்கமா இருக்கு சொல்ல, முந்தின நாள்ல இருந்து "எரியுது, அணையுது"ன்னு ரெண்டே நிலையா பார்த்துட்டிருந்தேன், எப்படி எரியுதுன்னு பார்க்கவே இல்லை. நீலமா, சின்னச் சின்னக் கூம்பா வர வேண்டிய நெருப்பு மஞ்சளா, சோம்பேறியா ஆடிட்டிருக்கு. இடது பக்கம், அதாவது தெர்மோகப்பிள் இருக்கிற பக்கம், நாலஞ்சு ஓட்டைகள்ல நெருப்பே இல்லை. மேல் தகட்டுல கரி அப்பியிருக்கு.

எல்லாத்தையும் மூடி, ஆற விட்டு, பர்னரைக் கழட்டினேன். ஜெட்டுல இருந்து வர்ற கேஸ் ஒரு குழாய் வாய் வழியா நுழையறப்ப வெளிக் காத்தையும் சேர்த்து இழுத்துக்கும், அந்தக் கலவைதான் நீலமா எரியும். அந்தக் குழாய்க்குள்ள டார்ச் அடிச்சுப் பார்த்தா, உள்ளே மண். குளவிக் கூடு! ஏரிக்கரை ஈர மண்ணை உருண்டை உருண்டையா கொண்டு வந்து, விரல் தடிமன் குழாயைப் பார்த்துப் பார்த்துக் கட்டியிருக்கு. அதுக்கு இதை விட நல்ல வீடு எங்கே கிடைக்கும்? உடைச்சப்ப உள்ளே காய்ஞ்ச சிலந்தி நாலஞ்சு இருந்தது, குஞ்சுக்குச் சேர்த்து வச்ச சாப்பாடு. பசங்க ரெண்டு பேரும் அதை ஒரு தீப்பெட்டியில போட்டு எடுத்துட்டுப் போயிட்டாங்க.

இப்ப யோசிச்சுப் பாருங்க. முந்தின நாள் ராத்திரி மேக்னட்டைக் கழட்டியிருந்தா கிரில் "சரியாகி" இருக்கும். எரிஞ்சிருக்கும், ஆனா காத்து பத்தாம மஞ்சளா. காத்து பத்தாம எரியற நெருப்புல வர்றது கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. சிலிண்டர் கேஸுக்கு நாத்தம் வர மெர்காப்டன் கலக்கறாங்க, இதுக்கு யார் கலப்பாங்க? ரத்தத்துல ஆக்சிஜன் உட்கார்ற இடத்துல இது இருநூறு மடங்குக்கும் மேல கெட்டியா ஒட்டிக்கும். தலைவலி, அசதி, தூக்கம். ஏற்காட்டுக் குளிர்ல, ஜன்னல் சாத்தின வேன்ல, அசதியும் தூக்கமும் வந்தா யாருக்குச் சந்தேகம் வரும்? பயணக் களைப்புன்னுதான் நினைப்போம். உள்ளே பெரியம்மா, ரெண்டு குழந்தைங்க.

பயமுறுத்தறதுக்காகச் சொல்லல. 2024 டிசம்பர்ல கேரளாவுல வடகரையில ரோட்டோரம் நின்ன ஒரு கேரவன்ல ரெண்டு பேர் இறந்து கிடந்தாங்க. ஜெனரேட்டரோட கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள்ள வந்ததுதான் காரணம்னு விசாரணையில தெரிஞ்சது. 2020 ஜனவரியில நேபாளத்துல டாமன்கிற இடத்துல கேரளாவுல இருந்து சுற்றுலா போன எட்டு பேர், அதுல நாலு குழந்தைங்க, கேஸ் ஹீட்டரைப் போட்டுட்டு ஒரே ரூம்ல படுத்தவங்க எழுந்திருக்கவே இல்லை. இதையெல்லாம் அண்ணன்கிட்ட அப்பவே சொன்னேன். அவர் ரொம்ப நேரம் எதுவும் பேசல. அப்புறம், "குளிருக்கு கம்பளி எடுத்துக்கலாம்டா"ன்னார்.

சுத்தம் பண்ற வேலை சாதாரணம்தான். குழாய்க்குள்ள பாட்டில் கழுவற பிரஷ் விட்டு மண்ணை எடுத்தேன். ஓட்டைகளைப் பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சு, கழுவி, வெயில்ல நல்லா காய வச்சேன். ஈரத்தோட மாட்டினா மறுபடி மஞ்சளா எரியும். ஜெட்டை மட்டும் தொடாதீங்க. பம்ப் ஸ்டவ் காலத்துல நிப்பிள்ல பின் போட்டுக் குத்தறது நம்ம வீட்டுப் பழக்கம், அந்தக் கை அரிக்கும். கேஸ் ஜெட்டோட ஓட்டை அளவு பார்த்துப் போட்டது. ஊசி விட்டுப் பெரிசாக்கிட்டா கேஸ் கூடுதலா வரும், காத்து மறுபடி பத்தாது. நான் வெளியில துணியால துடைச்சதோட சரி.

திரும்ப மாட்டறப்ப தெர்மோகப்பிள் முனை நெருப்புக்குள்ள இருக்கணும், பக்கத்துல இல்லை. ஸ்கூல் வேனா ஓடின வண்டி, நம்ம ரோடு வேற, கிளிப் கொஞ்சம் ஒதுங்கியிருந்தது. அதைச் சரி பண்ணிட்டு, நட்டைக் கையால முறுக்கி, அப்புறம் ஸ்பேனர்ல கால் திருப்பு, அவ்வளவுதான். ஓவரா முறுக்கினா உள்ளே இருக்கிற இன்சுலேஷன் நசுங்கிடும்.

சிலிண்டரை மாட்டி, சோப்பு நுரையை ரெகுலேட்டர், ஆரஞ்சு ஹோஸ், வால்வுன்னு எல்லா ஜாயின்ட்லயும் தடவினோம். ஹோஸ்ல அச்சடிச்ச தேதியைப் பார்த்தா அஞ்சு வருஷம் தாண்டியிருந்தது. விழுப்புரத்துல ஏஜென்சி ஞாயித்துக்கிழமை மூடல், அதனால பயணம் ஒரு நாள் தள்ளிப் போச்சு. அண்ணி என்னைப் பார்த்த பார்வையை இங்கே சொல்ல முடியாது. திங்கட்கிழமை ஏஜென்சி மெக்கானிக் வந்து புது ஹோஸ் போட்டு, வால்வு ஜாயின்ட்டையும் ஒரு தடவை பார்த்துட்டுப் போனார்.

இன்னொரு விஷயமும் அப்பதான் கண்ணுல பட்டது. சிலிண்டர் வைக்கற பெட்டிக்கு அடியில, கசிஞ்ச கேஸ் கீழே இறங்கறதுக்காக ஒரு ஓட்டை விடணும். அண்ணன் விட்டிருந்தார், அப்புறம் தூசு வருதுன்னு எம்-சீல் வச்சு அடைச்சிருந்தார்! அதைக் குடைஞ்சு எடுத்து, எலி வராம இருக்க கம்பி வலை போட்டோம். அந்தப் பெட்டி வண்டிக்கு உள்பக்கம் திறக்காம, வெளிக் கதவு வழியா மட்டும் திறக்கிற மாதிரி மாத்தினோம். இல்லன்னா கேஸ் வெளியே போற வழியில இன்ஜின் புகை உள்ளே வந்துடும், வடகரை மாதிரி. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒண்ணு ஆன்லைன்ல ஆர்டர் போட்டேன். அது வர நாலு நாள் ஆகும்னு காட்டினதால, அது வர வரைக்கும் சமையல் எல்லாம் வண்டிக்கு வெளியில சின்ன அடுப்புலன்னு ஒப்பந்தம். அதுக்கும் அண்ணி ஒரு பார்வை பார்த்தாங்க.

டெஸ்ட் பண்ணின கதைக்கு வர்றேன். திங்கட்கிழமை சாயங்காலம், கதவு எல்லாம் திறந்து வச்சு, அண்ணன் குமிழை அமுக்கிப் பத்த வச்சார். நீலமா, வரிசையா, கடைசி ஓட்டை வரைக்கும். மனசுக்குள்ள இருபது எண்ணிட்டுக் கையை எடுத்தார். எரிஞ்சது. அப்புறம் நான் வேணும்னே அட்டையால விசிறி நெருப்பை அணைச்சேன். எல்லாரும் "ஏய்"னு கத்தினாங்க. கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்லை. பத்துப் பதினஞ்சு செகண்ட் கழிச்சு வால்வுக்குள்ள இருந்து "டக்"னு ஒரு சின்னச் சத்தம். காந்தம் விட்டுடுச்சு, கேஸ் நின்னது. எனக்கு அதுதான் அன்னைக்கு முக்கியமான டெஸ்ட், எரியறது கூட இல்லை.

பெரியம்மா ரெண்டு அப்பளம் சுட்டுக் கொடுத்தாங்க, ஒண்ணு கருகிடுச்சு. இப்ப வண்டியை நிறுத்தி வைக்கறப்ப பர்னர் வாயில ஒரு துணி உருண்டையை அடைச்சு, அதுல நீளமா ஒரு சிவப்பு ரிப்பன் கட்டி குமிழ் மேல தொங்க விட்டிருக்கோம், எடுக்காம பத்த வச்சுடக் கூடாதுல்ல. குளவி இப்ப வண்டியோட கண்ணாடிக்குப் பின்னாடி கட்ட ஆரம்பிச்சிருக்காம், சின்னவன் போட்டோ அனுப்பியிருக்கான்.

கேஸ் வாசனை வந்தா கூப்பிட வேண்டிய நம்பர் 1906, நாடு முழுக்க, எந்தக் கம்பெனி சிலிண்டரா இருந்தாலும். போன்ல சேவ் பண்ணிக்கோங்க, ஆனா கூப்பிடறப்ப வண்டியை விட்டு வெளியே வந்து கூப்பிடுங்க. அடுத்த வாரம் மறுபடி கோடுக்குத் திரும்பிடலாம்.